முதல் ஐந்து நிமிடத் தண்ணீர்

செப்டம்பர் 2, செவ்வாய்

நகர ஆரோக்கிய மதிப்பீட்டு அறிக்கைக்கு இன்னும் இருபத்து நான்கு நாள். காற்றுப் பிரிவு கொடுத்துவிட்டது. குப்பைப் பிரிவு கொடுத்துவிட்டது. மரம் எண்ணுகிறவர்கள்கூடக் கொடுத்துவிட்டார்கள். தண்ணீர்தான் பாக்கி. அதாவது, நான்தான் பாக்கி.

போன முறை நகரத்துக்கு நூற்றுக்கு எழுபத்தொன்று. இந்த முறை எழுபத்தைந்தைத் தாண்டினால் முன்மாதிரி நகரப் பட்டியலில் இடம். தாண்டிவிடும் என்று எல்லோரும் சொல்வதே தண்ணீரை நம்பித்தான். இருபதுக்குப் பத்தொன்பது வாங்கித் தருகிற ஒரே பிரிவு என்னுடையது. முதல் பெஞ்சு மாணவி மாதிரி நடந்துகொள்கிறேன் என்று காற்றுப் பிரிவுக்காரி கிண்டல் செய்கிறாள். செய்யட்டும். வயிற்றெரிச்சல்.

இருபத்தெட்டுப் பள்ளிகளில் இருபத்து மூன்று முடிந்தது. இந்த நேரம் பார்த்து நிதானம் திங்கள் முதல் விடுப்பு, கண்ணில் புரை எடுக்கிறார்களாம். ஆறு வருடமாகக் குழாய்த் தண்ணீர் மாதிரி எடுப்பவர் அவர்தான். நிதானம் என்பது நாங்கள் வைத்த பெயர். குழாயைத் திறந்துவிட்டு, கடிகாரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, சரியாக ஐந்து நிமிடம் ஓடவிட்டு அப்புறம்தான் பாட்டிலை நீட்டுவார். நாலு நிமிடம் ஐம்பது நொடியில் கடவுளே வந்து கேட்டாலும் ஒரு சொட்டு கிடைக்காது.

அவருக்குப் பதில் ஆள் வேண்டும் என்று இயக்குநரிடம் கேட்டேன். "பார்க்கலாம்" என்றார். அவருக்கு நாங்கள் வைத்த பெயரே பார்க்கலாம் சார்தான்.

செப்டம்பர் 8, திங்கள்

ஆள் வரவில்லை. வேறு வழியில்லாமல் எங்கள் வண்டி ஓட்டுநரிடம் பாட்டிலைக் கொடுத்து அனுப்பினேன். "தண்ணி புடிக்கிறதுக்கு என்ன மேடம் படிப்பு வேணும்?" என்று சிரித்தார். காலை ஏழு மணிக்கே பதினான்காம் எண் பள்ளியில் பிடித்துக் கொண்டுவந்து வைத்துவிட்டு, பார்க்கலாம் சாரை விமான நிலையத்தில் விடப் போய்விட்டார்.

பதினான்கு. தங்கை மகள் படிக்கிற பள்ளி. இரண்டு வருடம் முன் அவளை அங்கே சேர்த்தபோது தங்கை தினமும் வீட்டிலிருந்து காய்ச்சின தண்ணீர் கொடுத்து அனுப்புவாள். அந்த பாட்டில் புத்தகப் பையைவிடக் கனம். நான்தான் கேலி செய்து நிறுத்தினேன். "ஊருக்கே தண்ணி நல்லா இருக்குன்னு எழுதிக் குடுக்கிறவ உங்கக்கா. அவ வீட்டுப் பிள்ளையே பாட்டில் தூக்கிட்டுப் போனா பாக்கறவங்க சிரிக்க மாட்டாங்க?" அவளும் சிரித்துக்கொண்டே நிறுத்திவிட்டாள்.

செப்டம்பர் 10, புதன்

பதினான்காம் பள்ளி: ஈயம் 61.

லிட்டருக்குப் பத்து மைக்ரோகிராமுக்கு மேல் போகக் கூடாது. இந்தப் பள்ளியில் ஆறு வருடமாக மூன்றைத் தாண்டியதில்லை. அறுபத்தொன்று எங்கிருந்து வந்தது? கருவியைத் துடைத்து, தரநிலைக் கரைசல் வைத்துச் சரிபார்த்து மறுபடி ஓட்டினேன். 60.4.

ஓட்டுநர் கை. வண்டி மசகு படிந்த கை. மூடியைக் கீழே போட்டிருப்பார். வேறென்ன?

செப்டம்பர் 11, வியாழன்

நானே போனேன். பத்து மணி. நிதானம் மாதிரியே கடிகாரம் பிடித்து ஐந்து நிமிடம் ஓடவிட்டுப் பிடித்தேன். 2.8.

அப்பாடா என்று இருந்தது. அந்த நிம்மதி அப்படியே கோபமாக மாறிவிட்டது. ஓட்டுநரைக் கூப்பிட்டு எல்லோர் முன்னாலும் எகிறினேன். எப்படிப் பிடித்தீர்கள், வரிசையாகச் சொல்லுங்கள் என்றேன்.

"தொறந்தேன், புடிச்சேன், மூடினேன் மேடம். கையைக்கூட சோப்பு போட்டுக் கழுவிட்டுத்தான் போனேன்."

"அஞ்சு நிமிஷம் விடணும்னு தெரியாதா?"

"அது தெரியாது மேடம். குடிக்கிற தண்ணியை யாரு அஞ்சு நிமிஷம் கொட்டுவாங்க?"

எதிர்த்துப் பேசுகிறார் என்று இன்னும் நாலு வார்த்தை சொன்னேன். மனிதர் முகத்தில் ஈயாடவில்லை. சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போய் வண்டியில் உட்கார்ந்துவிட்டார்.

செப்டம்பர் 12, வெள்ளி

குறிப்பேட்டில் 61க்குக் குறுக்கே ஒரு கோடு. மேலே 2.8. காரணம் என்ற கட்டத்தில்: மாதிரி எடுத்தவர் பிழை.

செப்டம்பர் 14, ஞாயிறு

தங்கை வீட்டில் சாப்பாடு. அம்மா போன பிறகு எனக்கு அவள், அவளுக்கு நான், அதனால் ஞாயிறு தவறாது. அவள் மகள் வாயாடி இப்போது இரண்டாம் வகுப்பு. தெருவில் ஓடியாடிவிட்டு மூச்சு வாங்க உள்ளே வந்தாள். குழாயைத் திறந்தாள், டம்ளரைப் பிடித்தாள், மூடினாள், குடித்தாள். மொத்தம் நாலு நொடி இருக்கும்.

தொறந்தேன், புடிச்சேன், மூடினேன்.

சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். "என்னக்கா, உப்பு அதிகமா?" என்றாள் தங்கை. இல்லை, தலைவலி என்றேன்.

வீட்டுக்கு வந்து செய்முறை ஏட்டை எடுத்தேன். மாதிரி எடுக்கும் முறை, பக்கம் 9. எழுதியவள் நான். ஆழ்துளைக் கிணற்றுக்காக எழுதியது. கிணற்றுக் குழாய்க்குள் தேங்கிக் கிடக்கும் நீரை வெளியேற்றிவிட்டுத்தான் பிடிக்க வேண்டும், அப்போதுதான் நிலத்துக்குள் இருக்கிற நீர் வரும். அது சரி. ஆறு வருடம் முன் பள்ளிகளை அளக்கச் சொன்னபோது அவசரம். அதே பக்கத்தை எடுத்து, கிணறு என்ற இடத்திலெல்லாம் குழாய் என்று மாற்றிப் போட்டுவிட்டேன்.

ஆனால் பள்ளிக்கூடத்தில் ஈயம் நிலத்திலிருந்து வருவதில்லை. பழைய குழாயின் பற்றவைப்பிலிருந்து, பித்தளைத் திருகிலிருந்து, ராத்திரி முழுக்கத் தேங்கிக் கிடக்கிற தண்ணீரில் கரைந்து வரும். ஐந்து நிமிடம் ஓடவிட்டால் அது சாக்கடைக்குப் போய்விடும். அப்புறம் வருவது தெருக் குழாயின் சுத்தமான தண்ணீர். அதைத்தான் நாங்கள் அளந்து கொண்டிருக்கிறோம். மிச்சத்தை அளக்கவே இல்லை. மிச்சத்தைத்தான் பிள்ளைகள் குடிக்கிறார்கள்.

இல்லை. அவசரப்படாதே. ஒரு பாட்டிலை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. நாளைக்குப் போய் எடுத்துப் பார்.

செப்டம்பர் 15, திங்கள்

காலை ஆறரைக்குப் பள்ளி. ஓட்டுநர்தான் கூட்டிப் போனார். காவலாளி கேட்டைத் திறந்துவிட்டு, "இவ்வளவு சீக்கிரம் உங்க ஆளுங்க யாரும் வந்ததில்லையே" என்றார். அதுதான் தெரிகிறதே ஐயா.

முற்றத்தில் வரிசையாக ஆறு குழாய். பிள்ளைகளுக்கு எட்டும் உயரம். மூன்றாவது குழாயைத் திறந்ததும் ஒரு பாட்டில். ஒரு நிமிடத்தில் ஒன்று. ஐந்து நிமிடத்தில் ஒன்று. முதல் பாட்டிலை ஓட்டுநரிடமே நீட்டினேன். பிடித்த விதத்தில் ஒரு குறை சொல்ல முடியாது.

மணியடிப்பதற்குள் கிளம்பிவிட்டோம். வாசலில் பிள்ளைகள் வந்துகொண்டிருந்தார்கள். வாயாடி வரும் நேரம்தான். அவள் கண்ணில் படாமல் வண்டிக்குள் குனிந்துகொண்டேன். ஏன் குனிந்தேன்?

செப்டம்பர் 16, செவ்வாய்

திறந்ததும்: 74.
ஒரு நிமிடம்: 19.
ஐந்து நிமிடம்: 3.1.

செப்டம்பர் 17, புதன்

பார்க்கலாம் சாரிடம் மூன்று எண்களையும் வைத்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டுப் பார்த்தார். எண்கள் மாறவில்லை.

"இந்த முறையை யாரு எழுதினது?"

"நான்தான் சார்."

"நீங்க எழுதினா சரியாத்தான் இருக்கும்."

"தப்பா எழுதிட்டேன் சார்."

கதவைச் சாத்தச் சொன்னார். ஒரே ஒரு பள்ளி, ஒரே ஒரு குழாய், அறிக்கைக்கு ஒன்பது நாள் என்றார். ஒப்புதல் பெற்ற முறைப்படிதான் அளந்திருக்கிறோம், யாரும் குற்றம் சொல்ல முடியாது என்றார். அடுத்த வருடம் முறையைத் திருத்திக்கொள்ளலாம், அதுவரை வெளியிடாத எண் வெளியே போகக் கூடாது, விதி உங்களுக்கே தெரியும் என்றார். எல்லாவற்றையும் மெதுவாக, அன்பாகவே சொன்னார். அதுதான் பயமாக இருந்தது.

"அந்தப் பள்ளிக்காவது சொல்லிடலாமே சார்."

"பார்க்கலாம்."

அவர் கையெழுத்தும் அந்த ஏட்டில் இருக்கிறது. ஆறு வருடம். அவரைத் திட்டி எழுத உட்கார்ந்தேன், முடியவில்லை. நானும் வேலை போய்விடுமே என்றுதான் வாயை மூடிக்கொண்டு வெளியே வந்தேன்.

செப்டம்பர் 18, வியாழன்

தங்கை போன் செய்தாள். வாயாடி கப்பல் வரைந்து பரிசு வாங்கினாளாம். அரைமணி நேரம் பேசினோம். நான் சொல்லவில்லை.

செப்டம்பர் 19, வெள்ளி

நிதானத்தின் வீட்டுக்குப் போனேன். கறுப்புக் கண்ணாடியோடு உட்கார்ந்திருந்தார். நலம் விசாரித்துவிட்டு மென்று விழுங்கி ஒருவழியாகச் சொல்லி முடித்தேன்.

கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். அப்புறம், "நீங்க எழுதினதுல ஒரு நொடி கூட நான் குறைச்சதில்லைம்மா" என்றார்.

"தெரியும். தப்பு உங்க மேல இல்ல."

"டீச்சருங்க சண்டைக்கு வருவாங்க. இம்புட்டுத் தண்ணியைக் கொட்டுறியேன்னு. ஆராய்ச்சிம்மா, உங்களுக்குப் புரியாதும்பேன்." கண்ணாடிக்குக் கீழே துடைத்துக்கொண்டார், கண்ணில் கை வைக்கக் கூடாது என்று உள்ளிருந்து அவர் மனைவி சத்தம் போட்டார். "அப்ப ஆறு வருஷமா, அளக்க வேண்டியதைக் கொட்டிட்டு, மிச்சத்தைக் கொண்டாந்து குடுத்திருக்கேன்?"

எழுந்துகொண்டேன். வாசல் வரை வந்தார். "பிள்ளைங்களுக்குச் சொல்லியாச்சா?" என்றார். இல்லை என்றேன். அதற்கு மேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

செப்டம்பர் 20, சனி

சொல்லிவிட்டேன்.

வாயாடியைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டு, சமையலறையில் நின்றபடியே சொன்னேன். தங்கை முதலில் புரியாமல் கேட்டாள். "ஈயம்னா? வயித்துக்குள்ள போனா என்ன ஆகும்?" மூளை வளர்ச்சி, கவனம், ரத்தம் என்று பாடம் நடத்துகிற குரலில் சொன்னேன். எனக்கு வேறு குரல் வரவில்லை.

"நான் பாட்டில் குடுத்துத்தானே அனுப்பினேன்."

"ஆமா."

"நீதானே வேணாம்னே."

"ஆமாடி."

"எப்பத் தெரியும் உனக்கு?"

"செவ்வாய்க்கிழமை."

விரலை மடக்கினாள். "புதன். வியாழன். வெள்ளி. மூணு நாள் அனுப்பியிருக்கேன். வியாழக்கிழமை நான் உன்கூட போன்ல பேசினேன்கா. கப்பலைப் பத்திப் பேசினோம்."

கத்தியிருந்தால் தேவலை. கத்தவில்லை. அடுப்பை அணைத்தாள். "நீ கெளம்பு" என்றாள்.

அவளிடம் சொன்னதிலும் ஒரு பொய் இருக்கிறது. செவ்வாய்க்கிழமை எண் வந்தது, அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமையே, அவள் வீட்டுச் சோற்றைப் பிசைந்துகொண்டிருக்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. திங்கட்கிழமை அந்தப் பிள்ளை வாசலுக்கு வருகிற நேரத்தில் நான் வண்டிக்குள் ஒளிந்துகொண்டிருந்தேன்.

செப்டம்பர் 21, ஞாயிறு

மூன்று முறை கூப்பிட்டேன். எடுக்கவில்லை. அவள் ஒரு பிள்ளை. அந்தப் பள்ளியில் மட்டும் நானூறு பேர். அவர்களுக்கெல்லாம் போன் செய்யப் பெரியம்மா இருக்கிறாளா?

என்னடி யோசிக்கிற இன்னும்?

செப்டம்பர் 22, திங்கள்

காலை ஏழரைக்கு இருபத்தெட்டுத் தலைமை ஆசிரியர்களுக்கும் கடிதம் அனுப்பினேன். என் கையெழுத்தில், என் பெயரில். உங்கள் பள்ளித் தண்ணீர் பாதுகாப்பானது என்று ஆறு வருடமாக நான் சொன்னது தவறான முறையில் அளந்து சொன்னது. பழைய குழாயில் தேங்கும் நீரில் ஈயம் இருக்கலாம். முறையாக அளக்கும் வரை, பிள்ளைகள் வருமுன் தினமும் எல்லாக் குழாய்களையும் ஐந்து நிமிடம் திறந்துவிடுங்கள். விடுமுறைக்குப் பிறகு பத்து நிமிடம்.

எழுதி முடித்து வாசித்தபோது சிரிப்பு வந்தது, கெட்ட சிரிப்பு. அளக்கும்போது செய்யக் கூடாதது எதுவோ, அதையே குடிக்கும்முன் செய்யச் சொல்லியிருக்கிறேன்.

அனுப்பிவிட்டு நகலோடு பார்க்கலாம் சாரிடம் போனேன். வாசித்தார். காகிதத்தை மேசையில் வைத்து நேராக்கினார். இந்த முறை "பார்க்கலாம்" வரவில்லை.

"உங்க பேருக்கு என்ன ஆகும்னு யோசிச்சீங்களா?"

"யோசிச்சதாலதான் சார் அஞ்சு நாள் தாமதம்."

அறையை விட்டு வந்ததும் நேராக வண்டிக்குப் போனேன். ஓட்டுநரிடம், எல்லோர் முன்னாலும் திட்டினேன், எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்கிறேன், உள்ளே வாருங்கள் என்றேன். "அதெல்லாம் வேணாம் மேடம், டீ வாங்கிக் குடுங்க போதும்" என்றார். விடவில்லை. பாவம், கூச்சத்தில் நெளிந்துவிட்டார். குறிப்பேட்டில் 61க்குக் குறுக்கே இருந்த கோட்டின் மேல் 'சரியான அளவு' என்று எழுதி அவர் பெயரையும் எழுதினேன்.

செப்டம்பர் 24, புதன்

இரண்டு நாளாகத் தூக்கம் சரியில்லை. காலை ஐந்தரைக்குக் கிளம்பி ஆறு பள்ளிகளில் திறந்ததும் பிடித்தோம். 12, 4, 38, 55, 2, 27. நாலு பள்ளி தேறவில்லை.

நிதானம் மருத்துவர் பேச்சைக் கேட்காமல் வந்துவிட்டார். மாதிரி எடுக்க வரவில்லை. பதினான்காம் பள்ளிக் காவலாளிக்கு ஐந்து நிமிடம் திறந்துவிடச் சொல்லிக்கொடுக்கிறாராம். "அவரு ரெண்டு நிமிஷத்துல மூடிட்டாரும்மா. நான் இல்லாட்டி ஏமாத்திடுவாங்க" என்றார், கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து. ஆறு குழாயும் ஒன்றாகக் கொட்டுகிறது, நடுவில் கடிகாரத்தோடு அவர். ஒரு வாரத்தில் இன்றைக்குத்தான் மனம்விட்டுச் சிரித்தேன்.

செப்டம்பர் 25, வியாழன்

தண்ணீர்ப் பிரிவையே விட்டுவிட்டு அறிக்கையை வெளியிடலாம் என்கிறார்கள். அப்படிச் செய்து மற்றதை நூற்றுக்குக் கணக்கிட்டால் மதிப்பெண் எழுபத்தெட்டு வருமாம். அளக்காமல் விட்டால் ஊர் இன்னும் ஆரோக்கியமாகிவிடுகிறது!

எல்லாப் பிரிவுத் தலைவர்களும் கையெழுத்துப் போட்டால்தான் அறிக்கை வெளியே போகும். நான் போடமாட்டேன் என்றேன். காற்றுப் பிரிவுக்காரி தன் பேனாவை மூடிப் பைக்குள் வைத்தாள். "அவ போடாம நானும் போடமாட்டேன்" என்றாள். வயிற்றெரிச்சல் என்று எழுதினேனே அவளை. அந்த வரியை அடிக்கமாட்டேன், என் யோக்கியதைக்குச் சாட்சியாக இருக்கட்டும்.

செப்டம்பர் 26, வெள்ளி

அறிக்கை தள்ளிவைப்பு. விசாரணைக் குழு. நான் பிரிவுத் தலைமையிலிருந்து விடுவிப்பு, கருவி மேசையில் சாதாரண ஆய்வாளராக. சொல்லும்போது பார்க்கலாம் சார் என் முகத்தைப் பார்க்கவில்லை.

அக்டோபர் 6, திங்கள்

தங்கையிடமிருந்து ஒரு படம் மட்டும். வாயாடியின் ரத்தப் பரிசோதனை. ஈயம் டெசிலிட்டருக்கு 5.8 மைக்ரோகிராம். ஐந்துக்குள் இருக்க வேண்டும். கீழே மருத்துவர் கிறுக்கலில்: ஈயம் வரும் வழியை நிறுத்தவும், இரும்புச் சத்து, மூன்று மாதத்தில் மறுபரிசோதனை.

பயந்த அளவு இல்லை. இல்லாமலும் இல்லை. கழிப்பறையில் போய் அழுதேன், முகம் கழுவக் குழாயைத் திறந்தபோது எவ்வளவு நேரம் ஓடுகிறது என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

பதில் அனுப்பினேன். ஞாயிற்றுக்கிழமையே எனக்குச் சந்தேகம் வந்தது, திங்கட்கிழமை பள்ளி வாசலில் வாயாடி கண்ணில் படாமல் ஒளிந்தேன், இரண்டையும் எழுதினேன். வாசித்துவிட்டாள். பதில் இல்லை.

அக்டோபர் 19, ஞாயிறு

இது ஐந்தாவது ஞாயிறு. அவள் வீட்டுச் சாப்பாடு இல்லை.

அக்டோபர் 30, வியாழன்

திருத்திய மதிப்பீடு வெளியானது. தண்ணீருக்கு இருபதுக்கு ஆறு. நகரத்துக்கு அறுபத்தெட்டு. பட்டியலில் இடமில்லை. பதினொரு பள்ளிகளில் குழாய் மாற்ற உத்தரவு, பதினான்காம் பள்ளியில் வேலையே தொடங்கிவிட்டது. புதிய செய்முறை ஏட்டின் பக்கம் 9 ஒரே வரி: திறந்ததும் பிடிக்கவும்.

நவம்பர் 11, செவ்வாய்

இப்போது யார் வேண்டுமானாலும் வீட்டுத் தண்ணீரை எங்கள் ஆய்வகத்தில் அளக்கக் கொண்டுவந்து கொடுக்கலாம். காலையில் ஓட்டுநர் தட்டு நிறைய பாட்டில்களை என் மேசையில் வைத்தார். "அந்தக் கடைசி பாட்டிலை ஒரு அம்மா அவங்க கையாலயே குடுத்தாங்க மேடம். உள்ள வாங்கன்னேன், வரல" என்றார்.

சீட்டில் எனக்குத் தெரிந்த கையெழுத்து. இடம்: சமையலறைக் குழாய். நேரம்: காலை 6.10. பிடித்த விதம்: திறந்ததும் பிடித்தது, ஒரு சொட்டும் கொட்டவில்லை. கொடுத்தவர் என்ற கட்டத்தில் பெயருக்குப் பதில் 'தங்கச்சி' என்று எழுதியிருந்தாள்.

மூன்று முறை அளந்தேன். 1.9, 1.8, 1.9. போன் செய்தேன். இரண்டாவது மணியில் எடுத்தாள்.

"எவ்வளவு?"

சொன்னேன்.

"எப்பத் தெரியும்?"

"இப்பத்தான். ஒரு நிமிஷம்கூட ஆகல."

"சரி" என்றாள். போனை வைக்கவில்லை.